மனச்சோர்வும் இரத்தப் பரிசோதனையும்

மக்களைப் பற்றும் நோய்கள் பலவற்றுள்ளும், கண்ணுக்குப் புலனாகாததும், அதுபற்றியே பிறரால் எளிதில் நம்பப்படாததுமாகிய நோய் ஒன்று உண்டு. அது மனச்சோர்வு என்பதாம். மலேரியாச் சுரம் கண்டவனது விரல் நுனியினின்றும் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டிற் பூசி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் நோய்க்கிருமி வெளிப்படும். நீரிழிவுடையானுக்கு அவன் இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவே சான்று பகரும். ஆனால், வாரக்கணக்காக உறக்கமின்றி, உணவில் விருப்பின்றி, கல்வியிற் கருத்தூன்ற மாட்டாது, தான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணமே மேலோங்கக் கிடக்கும் ஓர் இளைஞனுக்குச் சான்று பகர்வார் யாவர்? அவனது வாய்ச்சொல் ஒன்றே சான்று. அச்சொல்லையோ பெற்றோர் பிடிவாதம் என்பர். ஆசிரியர் சோம்பல் என்பர். தோழர் நடிப்பு என்பர். இரத்தத்தைச் சோதித்துக் "குறை ஒன்றும் இல்லை" என்று வந்த சீட்டையே அவனுக்கு எதிர்ச்சான்றாக எடுத்துக் காட்டுவாரும் உளர்.

ஆதலின், மனச்சோர்வையும் இரத்தத்தைக் கொண்டு அறியலாகாதோ என்றும், இன்னார்க்கு இன்ன மருந்து பயன்தரும் என்பதை முன்னரே உணர்த்தும் குறி ஏதேனும் இரத்தத்தில் இல்லையோ என்றும் வினாக்கள் எழுதல் இயல்பே. அறிஞர் பலர் நெடுங்காலம் முயன்று இவ்வினாக்கட்குக் கண்ட விடை எத்தகையது என்பதை நம் சஞ்சிகையின் வாசகர்க்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் நோயின் இயல்பை நோக்குவோம். மனச்சோர்வு என்பது ஒரு நாள் துயரமன்று. பரீட்சையில் தவறியதனாலோ உற்றாரை இழந்ததனாலோ நேரும் வருத்தம் அனைத்தும் நோயாகா. அமெரிக்க மனநோய் மருத்துவ சங்கத்தார் வகுத்த இலக்கணத்தின்படி, வாடிய மனநிலை, எதிலும் இன்பமின்மை, பசியோ உடல் எடையோ மாறுபடுதல், உறக்கம் குறைதல் அல்லது மிகுதல், உடலசைவு மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாது பரபரத்தல், களைப்பு, தன்னையே பழித்தல், சிந்தனை தடுமாறல், சாவைப்பற்றிய எண்ணம் ஆகிய 9 குறிகளுள் 5 ஆயினும் 2 வாரம் தொடர்ந்து காணப்படல் வேண்டும். அவ்வைந்தனுள் முதலிரண்டில் ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். உலகத்தில் ஏறத்தாழ 28 கோடி மக்கள் இந்நோயால் வருந்துகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019ஆம் ஆண்டின் நிலையைக் கொண்டு கணித்தனர்.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் நலம். ஒன்பதில் ஐந்தென்று எடுக்குங்கால், இந்நோயுடையார் எனப்படும் இருவரிடத்துப் பொதுவாக உள்ள குறி ஒன்றே ஒன்றாகவும் இருத்தல் கூடும். ஒருவர் உறங்காதிருப்பார், மற்றவர் பகலும் இரவும் உறங்குவார். ஒருவர் மெலிவார், மற்றவர் பருப்பார். இருவர்க்கும் நோயின் பெயர் ஒன்றே. முற்காலத்தார் 'சுரம்' என்னும் ஒரு பெயரால் மலேரியாவையும் டைபாய்டையும் காசநோயின் சுரத்தையும் சேர்த்து வழங்கினர் அன்றோ? மனச்சோர்வு என்பதும் அத்தகைய பொதுப்பெயரே என்று இக்கால ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். பல நோய்கட்கு ஒரு பெயர் இட்டு, அப்பெயர்க்கு ஒரே இரத்தக்குறியைத் தேடுவார் இடர்ப்படுதல் வியப்பன்று. இதனை நினைவிற் கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

மனத்தின் துயர்க்கு உடலின் நீர்மங்களிலே காரணம் தேடுதல் மிகப் பழைய வழக்கம். கிரேக்க நாட்டு ஹிப்போகிராட்டஸின் மரபினர், உடலில் இரத்தம், கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு உண்டென்றும், கரும்பித்தம் மிகுந்தால் அச்சமும் துயரமும் நீங்காது நிற்கும் என்றும் கொண்டனர். ஐரோப்பிய பாஷைகளில் வழங்கும் 'மெலங்கோலியா' என்னும் சொல்லுக்குக் கரும்பித்தம் என்பதே பொருள். அப்பித்தத்தை எவரும் கண்டிலர். எனினும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

இரத்தத்தால் மனநோயை அறியலாம் என்னும் நம்பிக்கை விஞ்ஞான முறையில் வலுப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். அக்காலத்து ஐரோப்பிய மனநோய் விடுதிகளில், பித்தும் வாதமும் ஒருங்கே பற்றி மாண்டோர் மிகப் பலர். 1906ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வாஸர்மன் என்பாரும் அவர் துணைவரும் மேகநோயை இரத்தத்தால் அறியும் சோதனையை வெளியிட்டனர். 1913ஆம் ஆண்டில் நொகுச்சி, மூர் என்னும் இருவர், மேற்கூறிய பித்தரின் மூளையிலே மேகநோய்க் கிருமியை நேரிற் கண்டனர். பின்னர்ப் பெனிஸிலின் மருந்து வந்தபின் அந்நோய் அருகிப் போயிற்று. மனத்தின் நோய் என்று எண்ணியிருந்த ஒன்று இரத்தத்தால் அறியப்பட்டு மருந்தால் தீர்க்கப்பட்டது. ஏனைய மனநோய்கட்கும் இவ்வண்ணமே ஒரு நாள் விடிவு வரும் என்று பலர் நம்பியது இதனாலேயாம்.

நிற்க. மனச்சோர்வைப்பற்றி முதன்முதல் பெரும் நம்பிக்கை ஊட்டிய இரத்தப் பரிசோதனையை இனிக் கூறுவோம். நம் இரண்டு சிறுநீரகங்களின்மேலும் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள், கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரக்கின்றன. இடர் நேருங்கால் உடலை எதிர்ப்புக்கு ஆயத்தம் செய்வது இதன் தொழில்களுள் ஒன்று. இச்சுரப்பிகட்கு ஆணையிடுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. இரத்தத்திற் கார்ட்டிசால் மிகுமாயின், அம்மிகுதியை உணர்ந்த மூளையும் பிட்யூட்டரியும் தம் ஆணையைத் தளர்த்தும், சுரப்பும் குறையும். குளத்தில் நீர் நிரம்பியதும் மதகை அடைக்கும் காவற்காரனை இதற்கு உவமை கூறலாம்.

டெக்சாமெதசோன் என்பது கார்ட்டிசாலைப் போன்ற செயற்கை மருந்து. இதனில் 1 மில்லிகிராம் அளவை இரவு 11 மணிக்கு உட்கொண்டால், உடல் ஏமாந்து, மறுநாள் முழுதும் தன் கார்ட்டிசாலைச் சுரவாது அடங்கியிருத்தல் வேண்டும். கடும் மனச்சோர்வுடையார் பலரிடத்து இவ்வடக்கம் நிகழவில்லை. காவற்காரன் நீர்மட்டத்தைக் காண மறந்தவன்போல ஆகிவிடுகின்றான். பெர்னார்ட் காரல் என்பாரும் அவர் துணைவரும் 438 பேரைச் சோதித்து, மறுநாள் எடுத்த இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட கார்ட்டிசால் இருப்பின் அதனைக் கடும் மனச்சோர்வின் குறியாகக் கொள்ளலாம் என்று 1981ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்நோயுடையாருள் 100க்கு 67 பேரை இச்சோதனை காட்டிற்று. அந்நோயில்லாதாருள் 100க்கு 96 பேரைச் சரியாக விலக்கிற்று. மனநோய் மருத்துவத்திற்கும் ஒரு சோதனைச்சாலைச் சான்று கிடைத்துவிட்டதென்று பலர் மகிழ்ந்து, அமெரிக்காவெங்கும் இதனைக் கையாளத் தொடங்கினர்.

ஆனால், மகிழ்ச்சி நீடித்திலது. உடல் மெலிந்தாரிடத்தும், குடியை நிறுத்தியோரிடத்தும், மறதிநோய் பற்றிய முதியோரிடத்தும், வேறு சில மருந்துகளை உண்பாரிடத்தும் இதே குறி தோன்றிற்று. இலேசான மனச்சோர்வுடையார் பலரிடத்துத் தோன்றாது ஒழிந்தது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் மருத்துவ சங்கத்தின் ஆய்வுக்குழுவினர் இதனை ஆராய்ந்து, நோயை நிச்சயிக்கும் பொதுச் சோதனையாக இதனை எங்கும் வழங்குதல் தகாது என்னும் கருத்துப்பட உரைத்தனர். கடும் நோயினர் சிலரைச் சோதித்துக் கண்ட குறியை எல்லாவகைச் சோர்வுக்கும் பொதுவாக்கியமையே இங்கு நேர்ந்த பிழை எனலாம்.

நூற்றுக்குத் தொண்ணூறு சரியான சோதனையும் ஏன் பயன்படாது போகும் என்று கேட்பார்க்கு ஒரு சிறு கணக்கால் விடை கூறுவோம். 1,000 மாணாக்கர் பயிலும் ஒரு கலாசாலையில் 50 பேர்க்கு மனச்சோர்வு உண்டென்று கொள்வோம். நோயுடையார் நூற்றுவருள் 80 பேரைக் காட்டுவதும், நோயற்றார் நூற்றுவருள் 90 பேரைச் சரியாக விலக்குவதுமாகிய ஒரு சோதனையை அவர்கள் அனைவர்க்கும் செய்வோம். நோயுடைய 50 பேருள் 40 பேர் வெளிப்படுவர். 10 பேர் 'நலமுடையார்' என்று தவறாகத் திருப்பி அனுப்பப்படுவர். நோயற்ற 950 பேருள்ளோ 95 பேர் 'நோயாளர்' எனப் பொய்யாகக் குறிக்கப்படுவர். ஆகவே, 'நோயாளர்' என்னும் சீட்டைப் பெற்ற 135 பேருள் மெய்யாக நோயுடையார் 40 பேரே. மூவருள் ஒருவர்கூட இல்லை! சோதனை பழுதுடையதன்று, கேட்ட இடமே பழுதுடையது. மருத்துவர் நேரிற் கண்டு ஐயுற்றவர்க்கு மட்டும் அதே சோதனையைச் செய்திருப்பின் அதன் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்திருக்கும்.

இனி, மூளையின் நிலையை இரத்தம் உள்ளபடியே உரைக்குமோ என்பதும் ஆராயத்தக்கது. மனச்சோர்வோடு ஸெரட்டோனின் என்னும் பொருளைத் தொடர்புபடுத்திப் பேசுவதை நம் வாசகர் கேட்டிருப்பர். ஆனால், உடலிலுள்ள ஸெரட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உண்டாவது குடலிலேயாம்; மூளையில் அன்று. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே நுண்ணிய தடை ஒன்று அமைந்து, இரத்தத்திலுள்ள பொருள்கள் பலவற்றை உள்ளே விடாது காக்கின்றது. ஸெரட்டோனினும் அதனைக் கடக்க மாட்டாது. ஆகலின் இரத்தத்து ஸெரட்டோனினை அளந்து மூளையின் நிலையைக் கூறுதல், தெருவில் நின்று வீட்டினுள் நிகழும் உரையாடலைக் கூறுவதை ஒக்கும்.

இத்தடையையும் மீறி உடலின் செய்தி மூளைக்குச் செல்லும் வழி ஒன்று உண்டென்பது அண்மைக் காலத்துத் துணிபு. அது அழற்சி என்பதாம். கிருமி தாக்குங்கால் உடல் தன்னைக் காக்கச் சில புரதங்களைப் பரப்பும். சுரத்திற் கிடப்பவன் உணவையும் பேச்சையும் வெறுத்து ஒரு மூலையில் ஒடுங்குவதை யாவரும் கண்டிருப்பர். அவ்வொடுக்கம் மனச்சோர்வின் சாயலுடையது. இதற்கு ஒரு சான்று வருமாறு. இன்டர்பெரான் என்னும் மருந்து உடலின் காப்புத்திறனைத் தூண்டுவது. தோலிற் பற்றும் ஒருவகைப் புற்றுநோய்க்காக அதனைப் பெற்ற 40 பேரை அமெரிக்க அறிஞர் சோதித்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனச்சோர்வு மருந்தை முன்கூட்டியே உண்டவருள் நூற்றுக்கு 11 பேரும், வெறும் மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 45 பேரும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாயினர். முன்னர் நன்மனத்தோடு இருந்தோரையும் உடலின் அழற்சி துயரிற் செலுத்தக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

அழற்சியை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அது ஸி-ரியாக்டிவ் புரதம் என்பதை அளத்தல். கல்லீரல் சுரக்கும் இப்புரதத்தை 1930ஆம் ஆண்டில் டில்லெட், பிரான்ஸிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரின் இரத்தத்திற் கண்டறிந்தனர். சிறு நகரத்து ஆய்வுக்கூடங்களிலும் இன்று இதனை அளக்கின்றனர். மனச்சோர்வுடையாருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர்க்கு இஃது இயல்பான அளவுக்கு மேல் உள்ளது. எஞ்சிய மூவர்க்கு இல்லை. மேலும் பல்வலி, சளி, உடற்பருமன், புகைபிடித்தல் ஆகியவற்றாலும் இது மிகும். ஆகவே, "இவர்க்கு மனச்சோர்வு உண்டு" என்று கூறுதற்கு இஃது உதவாது.

ஆயினும், "இவர்க்கு எம்மருந்து?" என்னும் வினாவிற்கு உதவலாம் என்பதற்குச் சில குறிப்புகள் உள. முடக்குவாத நோய்க்கு வழங்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் அழற்சி நீக்கும் மருந்தை, வேறு மருந்துகளாற் குணமடையாத மனச்சோர்வினர் 60 பேரிடத்து அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் சோதித்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அனைவரையும் ஒருங்கே நோக்குமிடத்து, மருந்து பெற்றார்க்கும் வெறும் உப்புநீர் பெற்றார்க்கும் வேற்றுமை காணப்படவில்லை. ஆனால், மேற்கூறிய புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாரைத் தனியே பிரித்து நோக்கியபோது, மருந்து பெற்றோரே மிகுதியும் தேறினர். குறைவாக இருந்தாரிடத்து உப்புநீர் பெற்றோரே மேலாயினர். 2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் வெளியிட்ட ஆய்வொன்றில், அப்புரதம் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தார்க்கு எஸ்ஸிடலோபிராம் என்னும் மருந்தும், அதற்கு மேற்பட்டார்க்கு நார்டிரிப்டிலின் என்னும் மருந்தும் மிகுந்த பயன் தந்தன. இவை வழிகாட்டும் ஒளிக்கீற்றுக்களேயன்றி முடிந்த முடிபுகள் அல்ல. பெருந்தொகையினரிடத்துப் பல நாடுகளிற் சோதித்து உறுதிசெய்தாலன்றி மருத்துவர் இவற்றைக் கட்டளையாகக் கொள்ளார்.

ஒரே பொருளை நம்பாது பலவற்றைச் சேர்த்து நோக்குவாரும் உளர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, கார்ட்டிசால் உட்பட 9 இரத்தப் பொருள்களின் அளவைச் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கிக் காட்டிற்று. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையினர், நோயுடையார் 32 பேரையும் நோயில்லாதார் 32 பேரையும் ஒப்பிட்டு, இரத்த அணுக்களிலுள்ள ஆர்.என்.ஏ. என்னும் மரபுச் செய்திகளுள் 9 வேறுபடுவதைக் கண்டனர். அந்நோயாளர் உரையாடல் முறைச் சிகிச்சையால் தேறியபின்னும் அவற்றுட் சில மாறாது நின்றன. அவை நோயின் குறிகளோ, நோய்க்கு எளிதில் ஆளாகும் இயல்பின் குறிகளோ என்பது ஆராயத்தக்கது. இவ்வாய்வுகளில் எதுவும் எல்லா மருத்துவரும் கைக்கொள்ளும் சோதனையாக இன்னும் மலரவில்லை.

மருந்தின் பயனை முன்னறிதல் ஏன் அவ்வளவு முக்கியம் எனின், கூறுவோம். அமெரிக்க அரசாங்கத்தின் பொருளுதவியால் ஏறத்தாழ 4,000 நோயாளரிடத்து நடத்தப்பெற்ற பெருஞ்சோதனை ஒன்றின் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளிவந்தன. முதலிற் கொடுத்த மருந்தால் நோய் நீங்கப் பெற்றார் ஏறத்தாழ மூவருள் ஒருவரே. ஒரு மருந்து பயன்தருமோ என்று அறியப் பல வாரம் காத்திருத்தல் வேண்டும். அது பயன்படாதாயின் மற்றொன்று. மீண்டும் பல வாரம். உயிர்மேல் வெறுப்புற்றிருப்பானுக்கு அக்காலம் எத்துணை நெடிது! பரீட்சையை இழந்து, வேலையை இழந்து, சிலர் உயிரையே இழப்பதும் அவ்விடைவெளியிலேயாம். பொருந்தும் மருந்தை முதல் நாளே காட்டும் ஒரு துளி இரத்தம் அவர்க்குப் பெரும் வரமாகும். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களைச் சோதித்து, சில மருந்துகளின் அளவை ஒருவர்க்கு ஏற்பக் குறைக்கவோ மாற்றவோ இன்றே இயலும். ஆனால் அச்சோதனை மருந்து உடலில் எவ்வளவு தங்கும் என்பதைக் கூறுமேயன்றி, நோய் தீருமா என்பதைக் கூறாது.

அங்ஙனமாயின் மருத்துவர் இரத்தத்தைச் சோதிப்பது எற்றுக்கு எனின், மனச்சோர்வைப் போலத் தோன்றும் பிற நோய்களைப் பிரித்தறிதற்கேயாம். தைராய்டு சுரப்பி மந்தமானாலும், இரத்தசோகை கண்டாலும், பி12 என்னும் வைட்டமின் குறைந்தாலும் களைப்பும் வாட்டமும் தோன்றும். அவற்றிற்கு மருந்து வேறு. உச்சமகிழ்ச்சியும் கடுஞ்சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்கு லித்தியம் என்னும் உப்பு பயன்படும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மருந்தை உண்பார்க்கு இரத்தத்தில் அதன் அளவைக் காலந்தோறும் அளத்தல் இன்றியமையாதது; சிறிது மிகினும் நஞ்சாகும். ஆகவே, "இரத்தத்திற் குறை இல்லை" என்னும் சீட்டின் பொருள், "சோதித்துப் பார்த்த இன்னின்ன நோய்கள் இல்லை" என்பதே. "இவனுக்குத் துன்பம் இல்லை" என்பது அன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார், அறியாமையாலாயினும், நோயுற்றானுக்கு இரண்டாம் நோயை இழைக்கின்றனர்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், மனச்சோர்வுண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்பளிக்கும் இரத்தக்குறி இன்றளவும் கிடைத்திலது; பல்வேறு வகைச் சோர்வுகளைப் பிரித்து, தக்க மருந்தைத் தெரிந்தெடுக்க உதவும் குறிகள் நாளடைவிற் கிடைக்கலாம். அந்நாள் வருமளவும் நமக்குள்ள முதற்சான்று நோயுற்றான் சொல்லே. அதனைப் பொறுமையோடு கேட்டு, முறைப்படி வினவி, எடைபோட்டறிதல் மருத்துவர் கடன். கேட்டதை எள்ளாதிருத்தல் நம் அனைவர் கடன்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் அமர்ந்து சாவை விரும்பிய வரலாற்றை நம் கலாசாலை ஜெப மண்டபத்தில் பலமுறை கேட்டிருக்கின்றோம். அவரிடம் வந்த தூதன் அவர் துயர்க்குச் சான்று கேட்கவில்லை. கோழை என்று கடியவும் இல்லை. உறங்கவிட்டு, எழுப்பி, உணவும் நீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டு, இனிச் செல்லவேண்டிய வழி தொலைவு என்பதையே உணர்த்தினான். விடுதியில் நம் அடுத்த அறையில் இருக்கும் தோழன் சில வாரமாக உணவுச் சாலைக்கு வாராதிருப்பானாயின், அவன் அறைக் கதவைத் தட்டி, அருகமர்ந்து, அவன் கூறுவதை முழுதும் கேட்டு, மருத்துவரிடம் துணையாகச் செல்லுதல் நம்மால் இயல்வதே. சாவைப்பற்றி அவன் பேசுவானாயின் அன்றே செல்லுதல் வேண்டும். தனித்து விடுதல் ஆகாது. அதற்குச் சோதனைச்சாலைச் சீட்டு வேண்டுவதில்லை.